கைவைத்தியமும் பதிவும்: தமிழகக் குடும்ப மருத்துவ அறிவு எழுத்தான வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

தமிழர் இல்லங்களில் அடுக்களையும் மருந்தும் தனித்தனியே இருந்ததில்லை. அஞ்சறைப்பெட்டியின் மிளகும் சீரகமும் மஞ்சளும் ஒரே நாளில் குழம்புக்கும் மருந்துக்கும் பயன்பட்டன. இவ்வறிவு 19, 20ஆம் நூற்றாண்டுகளில் பல கட்டங்களில் எழுத்துப் பதிவுக்குள் வந்தது. ஒவ்வொரு கட்டத்திலும் மருந்துப் பொருள் பதிவானது. அதனைப் பக்குவப்படுத்தும் முறை குறைவாகவே பதிவானது. அம்முறையை அறிந்திருந்த பெண்கள் பெரும்பாலும் பதிவாகவே இல்லை. வசம்பினை முதன்மைச் சான்றாகவும் மஞ்சளைத் துணைச் சான்றாகவும் கொண்டு, இவ்விடைவெளி எவ்வாறு உருவாயிற்று என்பதையும் அதன் விளைவுகளையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: கைவைத்தியம், வசம்பு, உரைமருந்து, பத்தியம், சித்த மருத்துவம், உஸ்மான் குழு, மரபறிவு.

முன்னுரை

தமிழில் ‘கைவைத்தியம்’, ‘பாட்டி வைத்தியம்’, ‘வீட்டு வைத்தியம்’ என்னும் மூன்று சொற்களும் ஏறத்தாழ ஒரே பொருளில் வழங்குகின்றன. எனினும் இவை சுட்டுவன வேறு. முதலாவது செய்யும் கையையும், இரண்டாவது அறிந்தவரையும், மூன்றாவது நிகழும் இடத்தையும் சுட்டுகின்றன. மூன்றிலும் மருந்துப் பொருளின் பெயர் இல்லை. பொருள் கடைத்தெருவிலும் வேலியோரத்திலும் எவருக்கும் கிடைப்பது. அதை எப்போது, எவ்வளவு, யாருக்கு, எதனுடன் கொடுப்பது என்பதே அறிவாகக் கருதப்பட்டது என்பதற்கு இச்சொல்வழக்கே சான்றாகும்.

சித்த மருத்துவ வரலாறு குறித்த ஆய்வுகள் சுவடிகள், வைத்தியர் பரம்பரைகள், அரசு நிறுவனங்கள் ஆகியவற்றையே பெரிதும் முன்னிறுத்தியுள்ளன. வைத்தியரை நாடுவதற்கு முன்னர் வீட்டிலேயே நிகழ்ந்த முதல் மருத்துவம் அவ்வரலாற்றின் முன்வாயிலாக மட்டுமே குறிக்கப்படுகிறது. ஆனால் குழந்தையின் வயிற்றுப் பொருமல், பிள்ளை பெற்றவளின் பத்தியம், மழைக்காலச் சளி, வெயிற்காலச் சூடு ஆகியவற்றை எதிர்கொண்டது பெரும்பாலும் அடுக்களையே. ஆகவே அடுக்களை அறிவு எழுத்துக்குள் வந்த வழியைத் தனியே ஆராய வேண்டியுள்ளது.

1. மனையில் நிகழ்ந்த மருத்துவம்

இல்லத்தில் பெண்கள் நிகழ்த்திய காப்பு முறையின் மிகப் பழைய தமிழ்ச் சான்றுகளுள் ஒன்று புறநானூற்றின் 281ஆம் பாடல். அரிசில்கிழார் பாடிய இப்பாடலில், போரில் புண்பட்ட வீரனைக் காக்கத் தலைவி தன் தோழியை அழைக்கிறாள். மனையில் இரவமரத் தழையும் வேப்பந்தழையும் செருகப்படுகின்றன. ஐயவி எனப்படும் வெண்சிறுகடுகு தூவப்படுகிறது. நறும்புகை எழுப்பப்படுகிறது. இசைக்கருவிகள் ஒலிக்கக் காஞ்சிப்பண் பாடப்படுகிறது. புண்பட்டோனைப் பேய் அணுகாமல் காத்தல் என்பதே பாடலின் துறைக்குரிய பொருள். இன்றைய நோக்கில் இது மருத்துவமும் சடங்கும் கலந்த செயல். எனினும் மூன்று கூறுகள் இங்கே தெளிவாகின்றன. இடம் வீடு, செய்வோர் பெண்கள், பொருள்கள் அன்றாடம் கிட்டும் தழையும் கடுகும்.

திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் வேறொரு நிலையைக் காட்டுகிறது. அதன் பத்துக் குறள்களில் ஒரு மூலிகையின் பெயர்கூட இல்லை. முன் உண்டது செரித்ததை அறிந்து உண்ணல், பசித்தபின் அளவறிந்து உண்ணல், மாறுபாடில்லா உணவைத் தேர்தல் என்பவையே பெரும்பகுதியும் பேசப்படுகின்றன. உணவின் ஒழுங்கே முதல் மருந்து என்னும் இக்கருத்து, பிற்காலத்தில் ‘பத்தியம்’ என்னும் நடைமுறையாக இல்லங்களில் நிலைபெற்ற எண்ணத்தோடு ஒத்துச் செல்கிறது. உணவுப் பொருள்களின் குணங்களைத் தொகுத்துக் கூறும் பதார்த்த குண சிந்தாமணி போன்ற நூல்களும் சமையலையும் மருத்துவத்தையும் ஒரே பார்வையில் வைத்தவையே.

இல்லச் சமையலில் இவ்விணைப்பு நன்கு புலனாகும். சுண்டைக்காய் வற்றல், மணத்தக்காளி வற்றல், வேப்பம்பூ, சுக்கு, மிளகு, சீரகம் முதலியவற்றை வறுத்துப் பொடித்த அங்காயப் பொடி, பிள்ளை பெற்றவளுக்குச் சோற்றுடன் பிசைந்து தரப்பட்டது. தூதுவளை ரசமும் முடக்கத்தான் தோசையும் வல்லாரைத் துவையலும் உணவுப் பந்தியில் இடம்பெற்ற மருந்துகள். தீபாவளி விடியலில் பலகாரத்துக்கு முன் உண்ணப்படும் லேகியம், அன்று வயிறு தாங்கவேண்டிய சுமையை முன்னறிந்து செய்த ஏற்பாடு. இவற்றுள் எதுவும் ‘மருந்து’ என்று தனியே பிரித்து வைக்கப்படவில்லை. அதனாலேயே மருத்துவ நூல்களில் இவற்றுக்கு முழுமையான இடம் கிடைக்கவில்லை என்றும் கருதலாம்.

2. வசம்பு: பெயரும் பக்குவமும்

குடும்ப மருத்துவத்தின் இயல்பை அறிய வசம்பு சிறந்த சான்று. சதுப்பு நிலத்தில் வளரும் இச்செடியின் மணமுள்ள வேர்த்தண்டே மருந்தாகிறது. இதற்குப் ‘பிள்ளை மருந்து’, ‘பிள்ளை வளர்ப்பான்’, ‘பேர் சொல்லா மருந்து’ என்னும் பெயர்களும் உண்டு. முதலிரண்டும் பயனால் அமைந்தவை. மூன்றாவது, பெயரையே உச்சரிக்கக் கூடாது என்னும் விலக்கால் அமைந்தது. குறிப்பாக இரவில் வசம்பைப் பெயர் சொல்லிக் கேட்கலாகாது என்னும் வழக்கம் இருந்தது. குழந்தைக்கு உடல்நலம் குன்றியிருப்பதை வெளிப்படச் சொல்வதால் தீங்கு மிகும் என்னும் அச்சம் இவ்விலக்கின் அடியில் இருந்திருக்கலாம்.

வசம்பு பச்சையாகவோ பொடியாகவோ அப்படியே குழந்தைக்குக் கொடுக்கப்படவில்லை. விளக்குச் சுடரில் காட்டிக் கருகச் சுட்டு, அக்கரியைக் கல்லில் இழைத்து, தாய்ப்பாலிலோ நீரிலோ குழைத்து, விரல் நுனியால் நாவில் தடவுவதே மரபு. வயிறு பொருமினால் தொப்புளைச் சுற்றிப் பற்றிடுவதும் உண்டு. வசம்புத் துண்டுகளைக் கோத்து வளையலாகக் குழந்தையின் கையில் கட்டும் வழக்கமும் தொடர்கிறது.

வசம்பு இடம்பெறும் மற்றொரு முறை உரைமருந்து. கடுக்காய், மாசிக்காய், சாதிக்காய், சுக்கு முதலியவற்றுடன் வசம்பையும் சேர்த்துச் சோறு வேகும் பானையிலோ ஆவியிலோ வேகவைத்து, வெயிலில் நன்கு உலர்த்திப் பாதுகாப்பர். தேவையான நாளில் ஒவ்வொன்றையும் உரைகல்லில் சில சுற்றுகள் மட்டும் இழைப்பர். இங்கே அளவின் அலகு எடை அன்று, ‘சுற்று’. குழந்தையின் மாதத்துக்கும் உடல்வாகுக்கும் ஏற்பச் சுற்றுகள் கூடும் அல்லது குறையும். கடினமான காயைக் கல்லில் ஒரு சுற்று இழைத்தால் சேரும் விழுது மிகச் சிறிதளவே. அதிகமாகக் கொடுத்துவிடாதபடி அம்முறையே ஒரு தடையாக இருந்தது. சுடுதல், வேகவைத்தல், உலர்த்தல், இழைத்தல் என்னும் இப்படிநிலைகள் அனைத்தும் அம்மருந்தின் பகுதிகளேயன்றி அதற்குப் புறம்பானவை அல்ல.

வசம்பு ஏட்டுச் சுவடிகளுக்கும் காவலாயிற்று. தஞ்சைச் சரசுவதி மகால் நூலகத்தில் சுவடிகளைப் பூச்சியிடமிருந்து காக்க, வசம்புடன் கருஞ்சீரகம், இலவங்கம், மிளகு, பட்டை ஆகியவற்றைப் பொடித்துக் கற்பூரம் சேர்த்துத் துணியில் முடிந்து வைக்கும் முறை கையாளப்பட்டுள்ளது. எழுதப்பட்ட அறிவைக் காத்த வசம்பைப் பற்றிய இல்லத்து அறிவு, அவ்வெழுத்துக்குள் முழுமையாகச் சேரவில்லை என்பது குறிக்கத்தக்கது.

3. குழுமத்து மருத்துவரின் பட்டியல்

கிழக்கிந்தியக் குழுமத்தின் சென்னைப் பிரிவில் அறுவை மருத்துவராகப் பணியாற்றிய வைட்லா எய்ன்சிலி, இந்துத்தான மருந்துப் பொருள்கள் குறித்த தம் ஆங்கில நூலை 1813இல் சென்னையில் வெளியிட்டார். அதன் விரிந்த வடிவம் 1826இல் இலண்டனில் இரு தொகுதிகளாக வெளிவந்தது. ஒவ்வொரு பொருளுக்கும் தமிழ் உள்ளிட்ட பல மொழிப் பெயர்களை அவர் தந்தார். தமிழ் மருத்துவ நூல்களின் பட்டியலையும் சேர்த்தார்.

வசம்பு குறித்த அவரது குறிப்பு வரலாற்று மதிப்பு மிக்கது. குழந்தைகளின் செரியாமைக்கும் வயிற்று நோய்க்கும் வசம்பு பெரிதும் போற்றப்பட்டதாகவும், நள்ளிரவில் வந்து கேட்டாலும் கதவைத் திறந்து அதை விற்காத மருந்துக் கடைக்காரருக்குத் தண்டம் உண்டு என்றும் அவர் எழுதினார். ஒரு சமூகம் ஒரு மருந்தை எந்த அளவுக்கு இன்றியமையாததாகக் கருதியது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்றுகள் அரிது. பெயர் சொல்லலாகாத நேரமாகிய இரவிலேயே அம்மருந்து மிகுதியும் தேவைப்பட்டது என்பதும் இதனால் புலப்படுகிறது. அழும் குழந்தையின் வயிறு பொழுது பார்ப்பதில்லை.

எனினும் இக்குறிப்பு கடையின் வாசலோடு நின்றுவிடுகிறது. கதவைத் தட்டியவர் வீடு திரும்பியபின் அவ்வசம்பை வாங்கிச் சுட்டு இழைத்தவர் யார், எத்தனை சுற்று இழைப்பது என்பதை அவர் யாரிடம் கற்றார் என்பவை அதில் இடம்பெறவில்லை. குழுமத்து மருத்துவர்கள் தகவல் பெற்றது பெரும்பாலும் ஆண் வைத்தியர்கள், கடைக்காரர்கள், நூல்கள் ஆகியோர் வழியும் ஆகியவை வழியுமே. அடுக்களை அவர்கள் நுழையக்கூடிய இடமாக இருக்கவில்லை.

இப்போக்கு தொடர்ந்தது. எட்வர்டு ஜான் வாரிங் பதிப்பித்த இந்திய மருந்தியல் நூல் 1868இல் வெளிவந்தது. மறு ஆண்டில் சென்னையைச் சேர்ந்த முகைதீன் ஷெரீப் அதற்கு ஒரு பிற்சேர்க்கை எழுதினார். ஒரே மூலிகைக்குப் பல மொழிகளில் வழங்கும் பெயர்களையும், ஒரே பெயர் பல மூலிகைகளைச் சுட்டும் குழப்பத்தையும் ஒழுங்குபடுத்துவதே அவரது பெரும்பணி. கடைத்தெருவில் கிடைக்கும் மருந்துகள் குறித்து வாரிங் எழுதிய கையேடும் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பல பதிப்புகள் கண்டது. இவை அனைத்தும் பொருளை அடையாளம் காண்பதில் பெரும் தொண்டாற்றின. அவற்றின் வினா ‘இது எது?’ என்பது. ‘இதை எவ்வாறு பக்குவப்படுத்துகின்றனர்?’ என்னும் இல்லத்து வினா அவற்றில் இரண்டாம் இடத்திலேயே நின்றது.

4. உஸ்மான் குழுவும் பாடநூலும்

உள்நாட்டு மருத்துவ முறைகளை ஆராயச் சென்னை மாகாண அரசு 1921இல் முகம்மது உஸ்மான் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. அதன் செயலராக கோ. சீனிவாசமூர்த்தி விளங்கினார். குழுவின் அறிக்கை 1923இல் வெளிவந்தது. ஆயுர்வேதம், சித்தம், யுனானி ஆகிய மூன்றும் அறிவியல் அடிப்படை கொண்டவையா என்னும் கேள்விக்கு விடை காண்பது அதன் மையப் பணியாயிற்று. மாகாணத்தின் பல பகுதிகளிலிருந்து வைத்தியர்களும் அறிஞர்களும் வினாப்பட்டியலுக்கு விடையளித்தனர். தமிழில் வந்த விடைகளும் அவற்றுள் இருந்தன. இவ்வறிக்கையைத் தொடர்ந்து 1920களின் நடுவில் சென்னையில் அரசு இந்திய மருத்துவப் பள்ளி தொடங்கப்பட்டது.

இக்குழுவின் சூழலைக் கருத்தில் கொள்ளவேண்டும். மேனாட்டு மருத்துவமே அறிவியல் என அரசு கருதிய காலத்தில், உள்நாட்டு மருத்துவர்கள் தம் முறைக்கு நூல் உண்டு, கோட்பாடு உண்டு, முறையான பயிற்சி உண்டு என நிறுவவேண்டியிருந்தது. நூலும் கோட்பாடும் இல்லாத கைவைத்தியத்தை உடன் நிறுத்துவது அவ்வாதத்துக்கு வலுச் சேர்க்காது. ஆகவே வைத்தியம் தன்னை நிலைநிறுத்திக்கொள்ள வீட்டிலிருந்து விலகி நிற்க நேர்ந்தது. இதனைத் தனிமனிதரின் புறக்கணிப்பாக அன்றி, ஏற்பு வேண்டிய ஒரு முறை கொடுத்த விலையாகக் காண்பதே பொருந்தும்.

பின்னர் உருவான சித்த மருத்துவக் கல்வியிலும் இவ்வமைப்பே நீடித்தது. பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி 1964இல் தோன்றியது. முருகேச முதலியாரின் குணபாடம் மூலிகை வகுப்பு மாணவர்க்குப் பாடநூலாயிற்று. சுவை, தன்மை, பிரிவு, செய்கை என மூலிகையை வகுத்துக் கூறும் அந்நூல் முறையான கல்விக்கு இன்றியமையாதது. மருந்துச் சரக்குகளைச் சுத்தி செய்தபின்னரே பயன்படுத்தவேண்டும் என்னும் சித்த மருத்துவக் கோட்பாடும், வசம்பைச் சுடும் இல்லத்து வழக்கமும் ஒரே அறிவின் இரு முகங்களாகலாம். ஆனால் முன்னது கோட்பாடு எனவும் பின்னது வழக்கம் எனவும் வேறு வேறு தட்டுகளில் வைக்கப்பட்டன.

5. அளவினை எழுதுதல்

அடுக்களை அறிவை எழுத முடியாது என்பது பொதுவாகக் கூறப்படும் காரணம். ‘கைப்பிடி’, ‘சிட்டிகை’, ‘கொட்டைப்பாக்களவு’, ‘சுண்டைக்காயளவு’ என்னும் அளவுகள் துல்லியமற்றவை எனக் கருதப்பட்டன. இக்காரணம் முழுமையாக ஏற்கத்தக்கதன்று. எஸ். மீனாட்சி அம்மாள் 1951இல் வெளியிட்ட ‘சமைத்துப் பார்’, கண்திட்டத்திலும் கைப்பக்குவத்திலும் நிகழ்ந்துவந்த மரக்கறிச் சமையலை அளவோடும் படிமுறையோடும் எழுத முடியும் எனக் காட்டிற்று. புதுமணப் பெண்களுக்கு உடனிருந்து கற்பிக்கும் மூத்தோர் அருகிவந்த காலத்தில் அந்நூல் பெருவரவேற்புப் பெற்றது. தொடர்ந்து பல பதிப்புகளையும் பிறமொழி ஆக்கங்களையும் கண்டது.

சமையலுக்கு வாய்த்த இத்தகைய பதிவு கைவைத்தியத்துக்கு அதே அளவில் வாய்க்கவில்லை. இதழ்களில் வெளிவந்த பாட்டி வைத்தியக் குறிப்புகள் பெரும்பாலும் ஒரு நோய்க்கு ஒரு பொருள் என்னும் ஓரிரு வரி வடிவில் அமைந்தன. வயது, பருவம், பத்தியம், நிறுத்தவேண்டிய நிலை, வைத்தியரிடம் செல்லவேண்டிய அறிகுறி ஆகியவை அவ்வடிவில் இடம்பெறுவது அரிது. சொல்லிக் கொடுக்கும் பாட்டி உடன் இருந்தபோது அவ்வரிகள் நினைவூட்டலாகப் பயன்பட்டன. அவர் இல்லாத வீட்டில் அவையே முழு அறிவாக எடுத்துக்கொள்ளப்பட்டன.

6. மஞ்சள் வழக்கு: எழுத்தே சான்றான நிலை

பதிவின் இன்றியமையாமையை உலக அளவில் உணர்த்தியது மஞ்சள் காப்புரிமை வழக்கு. புண்ணை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்தும் முறைக்கு அமெரிக்காவின் மிசிசிப்பிப் பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு 1995 மார்ச்சில் 5,401,504 என்னும் எண்ணுள்ள காப்புரிமை வழங்கப்பட்டது. இந்திய அறிவியல் மற்றும் தொழிலக ஆராய்ச்சிக் குழு 1996இல் அதனை மறுத்து வழக்காடியது. 1997இல் காப்புரிமை நீக்கப்பட்டது.

இவ்வழக்கின் மையம் மஞ்சள் புண்ணை ஆற்றுமா என்பதன்று. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி, வேறொரு நாட்டில் ஒரு முறை வழக்கத்தில் இருந்தது என்பது மட்டும் காப்புரிமையை மறுக்கப் போதுமானதன்று. அது காப்புரிமை பெற்றதாகவோ அச்சில் வெளிவந்ததாகவோ இருத்தல் வேண்டும். கோடிக்கணக்கான வீடுகளில் அடிபட்ட முழங்காலில் மஞ்சள் அப்பிய கைகள் அச்சட்டத்தின் முன் சான்றாகா. ஆகவே பழைய நூல்களையும், 1953இல் இந்திய மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளிவந்த கட்டுரையையும் உள்ளிட்ட எழுத்துச் சான்றுகளே முன்வைக்கப்பட்டன.

இவ்வனுபவத்தின் தொடர்ச்சியாக 2001இல் மரபறிவு மின்னூலகப் பணி தொடங்கப்பட்டது. ஆயுர்வேதம், யுனானி, சித்தம் ஆகியவற்றின் நூல்களிலுள்ள மருந்து முறைகள் காப்புரிமை அலுவலகங்கள் அறியும் வடிவில் தொகுக்கப்பட்டன. இது பெரும் பாதுகாப்பு. எனினும் அதன் மூலங்கள் நூல்களே. எந்நூலிலும் இடம்பெறாத இல்லத்து முறைகள் அக்காப்புக்கு வெளியே எஞ்சின.

7. பக்குவம் பிரிந்த பொருள்

பதிவின் இடைவெளி உரிமை சார்ந்த சிக்கல் மட்டுமன்று. உடல்நலம் சார்ந்த சிக்கலும் ஆகும். வசம்பில் பீட்டா அசரோன் என்னும் வேதிப்பொருள் உள்ளது. வசம்பு எண்ணெயை எலிகளுக்குக் கொடுத்துச் செய்த சோதனைகளில் கட்டிகள் தோன்றியமையால், அமெரிக்க அரசு 1968இல் உணவில் வசம்பைச் சேர்ப்பதைத் தடை செய்தது. அங்கே சோதிக்கப்பட்டது வடித்தெடுத்த எண்ணெய். தமிழக இல்லங்களில் வழங்கியது சுட்ட கரியின் ஓரிழைப்பு. இரண்டையும் ஒன்றெனக் கொண்டு மரபைப் பழிப்பது பொருந்தாது. இரண்டும் வேறு என்பதனாலேயே மரபு தீங்கற்றது என முடிவு செய்வதும் பொருந்தாது.

இன்று வசம்புப் பொடி உறைகளில் அடைத்து விற்கப்படுகிறது. பொடியாக வரும்போது சுடுதலும் இழைத்தலும் மறைகின்றன. ‘சுற்று’ இருந்த இடத்தில் தேக்கரண்டி வந்து நிற்கிறது. முறையே தடையாக இருந்த காப்பு இங்கே இல்லை. பிறந்த குழந்தைக்கு முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டுமே தரவேண்டும் என உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகிறது. குழந்தை நல மருத்துவர்களும் அதையே வற்புறுத்துகின்றனர். வயிற்றுப்போக்கில் உடல் நீர் வற்றும் குழந்தைக்கு உரைமருந்தை நம்பிக் காலந்தாழ்த்துவது உயிருக்கே ஊறாகலாம். ஆகவே கைவைத்தியத்தை வரலாற்று நோக்கில் பதிவு செய்தல் அதை அப்படியே பின்பற்றுமாறு பரிந்துரைத்தல் ஆகாது. எது எந்த நிலையில், எந்த எல்லைக்குள் கையாளப்பட்டது என்பதை அறிந்தால்தான், எதனைத் தொடரலாம், எதனைக் கைவிடவேண்டும் என ஆராய இயலும். பொருளின் பெயரை மட்டும் அறிந்த நிலையில் அவ்வாய்வுக்கு இடமில்லை.

முடிவுரை

1813 முதல் 1997 வரையிலான சான்றுகளைத் தொகுத்து நோக்கும்போது ஓர் ஒழுங்கு புலனாகிறது. குழுமத்து மருத்துவர் பொருளையும் அதன் வாணிகத்தையும் பதிந்தார். மருந்தியல் நூல்கள் பெயரை ஒழுங்குபடுத்தின. உஸ்மான் குழுவும் அதன் வழிவந்த கல்வியும் கோட்பாட்டை நிறுவின. காப்புரிமை வழக்கு எழுத்தின் சட்ட மதிப்பை உணர்த்தியது. ஒவ்வொன்றும் தனக்குரிய தேவையை நிறைவு செய்தது. இவற்றுள் எதற்கும் அடுக்களையின் செய்முறையைக் கேட்டறிய வேண்டிய தேவை எழவில்லை.

அத்தேவை இப்போது எழுந்துள்ளது. உரைகல்லைக் கையாண்ட தலைமுறை முதுமையை எட்டிவிட்டது. சுவடிகளைத் தேடித் தொகுத்தது போன்ற ஒரு முயற்சி, இம்மூதாட்டியரிடம் வாய்மொழி வரலாறாக மேற்கொள்ளப்பட வேண்டும். அப்பதிவில் மூலிகையின் பெயரோடு பக்குவம், அளவு, வயது, பருவம், பத்தியம், விலக்கு ஆகியவையும், சொன்னவர் இசைந்தால் அவரது பெயரும் இடம்பெறல் வேண்டும். தண்டத்துக்கு அஞ்சி நள்ளிரவில் கதவைத் திறந்த கடைக்காரர் 1813ஆம் ஆண்டு நூலில் இடம்பெற்றுவிட்டார். அவர் விற்ற வசம்பைச் சுட்டு இழைத்தவர் இன்னும் எந்நூலிலும் இடம்பெறவில்லை.